எந்தக் கரைத் திராட்சை

பாவாயி முதல்முதலாக ஒரு ஒயின் பாட்டிலைக் கையில் எடுத்தது அதைக் கழுவுவதற்காகத்தான். 1931ஆம் வருஷம், தை மாசம். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. வெள்ளைச் சேலை கட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பிறந்தது பரமத்தி வேலூர்ப் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டில். வாழ்க்கைப்பட்டது மோகனூருக்குக் கிழக்கே, கரும்பு விளைகிற பூமியில். புருஷன் நல்ல உழைப்பாளி என்றுதான் பெண் கொடுத்தார்கள். சாராயம் அவனைப் பிடித்தது எப்போது என்று பாவாயிக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. மூன்று ஏக்கர் பூமி முதலில் போனது, அப்புறம் உழவு மாடு போனது, கடைசியில் ஈரல் வீங்கி அவனும் போனான். அண்ணன் கண்ணுசாமி வண்டி கட்டிக்கொண்டு வந்து, "கெளம்பு அம்மிணி, நம்ம ஊட்டுல ஒரு வாய்ச் சோத்துக்கா பஞ்சம்?" என்று கூப்பிட்டான். பாவாயி போகவில்லை. அண்ணன் நல்லவன், ஆனால் அண்ணன் வீட்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்களின் முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். ஐந்து வயது மகள் அத்தாயியைக் கையில் பிடித்துக்கொண்டு சேலத்துக்கு வந்துவிட்டாள்.

கோட்டைப் பகுதியில் ஒரு சந்தில் குடியிருப்பு. பக்கத்து வீட்டு மதீனா பீவியின் புருஷன் சலீம், பழைய பாட்டில் வியாபாரி. ஊரெல்லாம் காலி பாட்டில் வாங்கி அஸ்தம்பட்டியில் பெரைரா என்பவரின் ஒயின் கடைக்குக் கொடுப்பார். அங்கே பாட்டில் கழுவ ஆள் வேண்டும் என்ற சேதியை மதீனா பீவிதான் கொண்டுவந்தாள்.

"சாராயக் கடைங்களாக்கா?" என்று பாவாயி கேட்டாள். கேட்கும்போதே அவள் முகம் மாறிவிட்டது.

"சீமை ஒயினு. ஏற்காட்டுத் தொரைமாருங்க வாங்குறது. அங்க நின்னு யாரும் குடிக்க மாட்டாங்க, வண்டியில ஏத்தி அனுப்புறதுதான்." மதீனா பீவி மேலும் சொன்னாள்: "நாங்க அதைத் தொடுற சாதி ஜனமா? அவரு காலி பாட்டில்தான் விக்கிறாரு. நீயும் காலி பாட்டில்தான் கழுவப் போற. பாட்டில் என்ன பாவம் பண்ணுச்சு?"

வேறு வேலையும் கிடைக்கவில்லை. பாவாயி போனாள். தினமும் விடிந்ததும் கோட்டையிலிருந்து அஸ்தம்பட்டிக்கு நடை. கடையின் பின்கட்டில் இரண்டு தொட்டி, பூந்திக்கொட்டைக் கரைசல், ஆற்று மணல், நீளக் காம்பு வைத்த தூரிகை. பாட்டிலுக்குள் மணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்கிக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். மதராஸிலிருந்து பீப்பாயில் வந்து சூரமங்கலம் ரயிலடியில் இறங்குகிற ஒயினை, இந்தப் பாட்டில்களில் நிரப்பித் தக்கை அடிப்பார்கள். விலை உயர்ந்த சரக்கு மட்டும் பாட்டிலாகவே வரும்.

பெரைராவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கோவாவிலிருந்து வந்த குடும்பம்; அவர் பிறந்தது திருச்சியில், அப்பா ரயிலில் வேலை பார்த்தபோது. தமிழ் நன்றாகப் பேசுவார். வேலையாட்களிடம் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் ஒரு நாளும் யாரையும் வாடா போடா என்றதில்லை.

முதல் ஒரு வருஷம் பாவாயி பாட்டில் கழுவினாள், அவ்வளவுதான். ஆனால் மூக்கு சும்மா இருக்கவில்லை. காலிப் பாட்டிலின் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாசனை விட்டது. சாராயத்தின் நாற்றம் அவளுக்குத் தெரியும். அது வாசலில் நுழையும் முன்பே வீட்டுக்குள் நுழைந்துவிடும். இது வேறு. ஒரு பாட்டிலில் நாவல்பழம். இன்னொன்றில் வறுத்த நிலக்கடலைத் தோல். சில நாள் கழுவ வேண்டிய பாட்டிலை மறந்து கையில் வைத்துக்கொண்டே நிற்பாள். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பாள்.

அடுத்த வருஷம் கோடையில் ஒரு பீப்பாயைத் திறந்தார்கள். ஆட்கள் குழாய் செருகி நிரப்ப ஆரம்பித்தபோது, பாவாயி கழுவிய பாட்டில்களைக் கூடையில் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் அங்கேயே நின்றாள்.

"இது கெட்டுப்போச்சுங்க," என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

நிரப்புகிற ஆள் சிரித்தான். பெரைரா சிரிக்கவில்லை. எழுந்து பக்கத்தில் வந்தார்.

"என்னம்மா சொன்னே?"

பாவாயி பயந்துபோனாள். "ஒண்ணுமில்லீங்க அய்யா. நனைஞ்ச சாக்கை மூலையில போட்டு மறந்துட்டா ஒரு வாசம் வருமுங்க. இதுல அந்த வாசம் வருதுங்க. போன மாசத்துப் பீப்பாயில இல்லீங்க."

பெரைரா ஒரு கோப்பையில் கொஞ்சம் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அந்தப் பீப்பாயை மூடச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மற்றவர்கள் போன பிறகு, தன் அறை வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டார். மேஜைமேல் மூன்று கண்ணாடிக் கோப்பைகள் இருந்தன.

"பாவாயம்மா, இதை மோந்து பார்த்துச் சொல்ல முடியுமா?"

பாவாயி வாசற்படியைத் தாண்டவில்லை. "என்ற ஊட்டுக்காரரு குடியிலதானுங்க போனாரு. நான் இதையத் தொட மாட்டனுங்க."

"குடிக்கச் சொல்லலை. மோந்து பார்த்தால் போதும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒரு விஷயம் சொல்றேன், இது நம்மோடு இருக்கட்டும். மூணு வருஷம் முந்தி எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. உடம்பு தேறிட்டது, மூக்கு தேறலை. ரோஜாவும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. நாக்குல புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியும், அவ்வளவுதான். ஒயின் விக்கிறவனுக்கு மூக்கு இல்லைன்னு தெரிஞ்சா மலைமேல இருந்து ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. போன மாசம் பத்து பாட்டில் திரும்பி வந்தது. அதுல என்ன குறைன்னே எனக்குத் தெரியலை."

ஒரு ஆண்பிள்ளை, அதுவும் முதலாளி, தன்னிடம் இப்படிச் சொல்வான் என்று பாவாயி நினைத்ததில்லை. அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. உள்ளே வந்து முதல் கோப்பையை எடுத்தாள்.

"கொடிக்காலுக்குள்ள வெடியால தண்ணி பாய்ச்சுனாப்புல இருக்குதுங்க. அப்புறம் நாவப்பழம். பழமில்லீங்க, அந்தக் கொட்டை."

பெரைராவின் முகத்தில் ஒரு மாற்றம். "கிளாரெட்," என்றார் மெதுவாக, அந்தப் பிரெஞ்சுச் சிவப்பு ஒயினின் பேரை. "அடுத்தது?"

"மழை விட்ட மறுநா செம்மண்ணு. காளான் இருக்குது. ஒரு மூலையில ரோசாப்பூ."

"பர்கண்டி. அதுவும் பிரெஞ்சுதான். ஆமாம். ஆமாம், அப்படித்தான் இருக்கும்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சொல்லச் சொல்ல, இழந்துபோன வாசனை அவருக்கு ஞாபகத்திலிருந்து எழுந்து வருகிறது என்று பாவாயிக்குப் புரிந்தது. மூன்றாவதை அவர் கேட்காமலே எடுத்தாள். "இது கொப்பரையில இருந்து எறக்கப்போற பாகுங்க. காஞ்ச அத்திப்பழமும் இருக்குது."

அது போர்ட் என்ற இனிப்பு ஒயின்.

அன்றிலிருந்து பாட்டில் கழுவ வேறு ஆள் வந்தது. பாவாயிக்குப் பின்கட்டில் ஒரு மேஜை. வருகிற ஒவ்வொரு பீப்பாயையும், ஒவ்வொரு பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலையும் அவள் மோந்து பார்த்துச் சொல்வாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே பெரைரா ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். ஹாக் என்ற ஜெர்மன் தேசத்து வெள்ளை ஒயினுக்கு நேராக, "எலுமிச்சம்பூ, வெயிலில் காய்ந்த கூழாங்கல்லை நாக்கில் வைத்தது போல" என்று எழுதியிருக்கும்.

நாக்கு என்று அவள் சொன்னது பின்னால்தான். முதல் ஏழெட்டு மாசம் மூக்கு மட்டும். ஒருநாள் ஷெர்ரி என்ற ஸ்பெயின் தேசத்து ஒயின் பெட்டி ஒன்று வந்தது. வாசனையில் குறை இல்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. கோப்பையைக் கீழே வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். அத்தாயியின் அப்பன் முகம் நினைவுக்கு வந்தது. பிறகு ஒரு வாய் எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றி, தொட்டியில் துப்பினாள். உப்புத் தண்ணீர் விட்டு வாயைக் கொப்பளித்தாள்.

"கடைசியில தண்ணியாட்டம் போயிருதுங்க," என்றாள். "நல்லதா இருந்தா துப்புன பொறகும் நாக்குல நிக்கோணும்."

மறுநாள் பெரைரா வைத்த ஒரு பித்தளைச் செம்பும் துப்புவதற்கு ஒரு பீங்கான் கிண்ணமும் மேஜையில் இருந்தன. அவள் ஒரு சொட்டுக்கூட விழுங்கியதில்லை. அதில் அவளுக்கு எந்தத் தவிப்பும் இருந்ததில்லை. அவளுக்கு வேண்டியது அது என்ன என்று தெரிந்துகொள்வது; தெரிந்ததும் வேலை முடிந்தது.

சுவரில் ஒரு தேசப்படம் மாட்டியிருந்தார் பெரைரா. எந்த ஒயின் எந்த ஊர் என்று விரல் வைத்துக் காட்டுவார். ஒருநாள் கிளாரெட் விளைகிற சீமையைக் காட்டினார். நீலக்கோடு ஒன்று கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இது ஆறுங்களா?"

"ஆறுதான்."

பாவாயி மேஜைமேல் இருந்த இரண்டு கோப்பைகளையும் மறுபடி மோந்தாள். இரண்டுமே கிளாரெட். "இது ரெண்டும் ஒரே கரை இல்லீங்களே. எது எந்தக் கரைங்க?"

பெரைரா அவளையே பார்த்தார். இருபது வருஷம் வியாபாரம் செய்து அவர் கற்றுக்கொண்ட விஷயம் அது. ஆற்றின் இந்தக் கரையில் சரளை மண், அந்தக் கரையில் களிமண். திராட்சை வேறு, ஒயின் வேறு.

"உனக்கு யார் சொன்னது?"

"யாருஞ் சொல்லலீங்க. எங்கூர்ல ஆத்துக்கு இக்கரைக் கரும்பு ஒரு ருசி, அக்கரைக் கரும்பு ஒரு ருசி. வெல்லத்தை வாயில போட்டாத் தெரியும். மண்ணு வேறயின்னா எல்லாம் வேறதானுங்களே. சீமையிலன்னா மாறிருமுங்களா?"

அன்று பெரைரா கோப்பையை அவளுக்குத் தலைகுனிந்து நீட்டினார், விருந்தாளிக்கு நீட்டுவதுபோல. பாவாயிக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை.

நாலு வருஷம் இப்படிப் போனது. கடையிலிருந்து போன சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அத்தாயி பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

1936இல் ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் கெல்லி துரையின் மகளுக்குக் கல்யாணம். ஆறு பெட்டி பழைய பர்கண்டி வேண்டும் என்று எழுதியிருந்தார். மதராஸ் ஏஜெண்ட் ஒருவரிடமிருந்து பெட்டிகள் வந்து இறங்கின. எல்லாம் ஒரே லேபிள், ஒரே வருஷம், ஒரே அரக்கு முத்திரை. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது.

பாவாயி ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றைத் திறந்து பார்த்தாள். நாலு பெட்டி சரி. கடைசி இரண்டில் நின்றாள்.

"செம்மண்ணு இல்லீங்க," என்றாள்.

"நல்லா பார்."

"பாத்துட்டனுங்க. நெறம் அதேதான். ஆனா இது சூடான ஊர்ல வெளஞ்ச பழம். கொஞ்சம் பாகு கலந்திருக்கறாங்க. இதைய அதுன்னு சொல்லி விக்கறாங்க."

பெரைரா அறைக்குள் நடந்தார். அனுப்பிவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரியப்போவதில்லை. அனுப்பாவிட்டால் கல்யாண விருந்தில் குறை வைத்தவர் என்று பேராகும். பாவாயி சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. கடைசியில் அவர் நாலு பெட்டி பர்கண்டியும் இரண்டு பெட்டி நல்ல கிளாரெட்டும் ஏற்றி, காரணத்தை எழுதிக் கொடுத்தனுப்பினார்.

கல்யாணம் முடிந்த மறு வாரம் கெல்லி துரை காரில் வந்து இறங்கினார். கையோடு தன் சமையல்காரனையும் ஒரு பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். அந்த ஏஜெண்டிடம் அவர் பதினைந்து வருஷமாக வாங்குகிறாராம். முத்திரை உடையாத பெட்டியைப் போலி என்று சொன்னது யார், எதை வைத்துச் சொன்னார் என்று கேட்டார்.

பெரைரா நினைத்திருந்தால் தன் மூக்கு என்று சொல்லியிருக்கலாம். "எனக்கு வாசனை தெரியாது, சார். ஏழு வருஷமாகத் தெரியாது," என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு கையைக் காட்டினார். "சொன்னது இவங்க."

துரை பாவாயியைப் பார்த்தார். வெள்ளைச் சேலை, வெறும் காது, பாட்டில் கழுவிய காலத்தில் வெடித்துக் காய்த்துப்போன விரல்கள். தன் பெட்டியோடும், கடையில் ஒதுக்கி வைத்திருந்த போலிப் பாட்டில் ஒன்றோடும் பக்கத்து அறைக்குப் போனார். சமையல்காரன் ஒவ்வொரு கோப்பையாகக் கொண்டுவந்து வைத்தான். ஆறு கோப்பை. பாவாயி மோந்தாள், வாயில் வைத்தாள், துப்பினாள், செம்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். அவள் சொல்லச் சொல்ல பெரைரா இங்கிலீஷில் சொன்னார். பர்கண்டி. கிளாரெட், சரளைக் கரை. கல்யாணத்துக்கு அனுப்பாமல் நிறுத்திய அந்தப் போலி. மறுபடி பர்கண்டி, ஆனால் நேற்றே திறந்த பாட்டில். போர்ட்.

ஆறாவதில் வெகுநேரம் நின்றாள். மூக்கை எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"இது எனக்குத் தெரியலீங்க," என்றாள்.

துரையின் முகத்தில் லேசான திருப்தி வந்தது. பாவாயி இன்னும் பேசி முடிக்கவில்லை.

"இது திராட்சையே இல்லீங்க. கமலாப்பழம். சேர்வராயன் மலைப் பழமாத்தான் இருக்கோணும். தோலோட போட்டிருக்கறாங்க, அதான் கசக்குது. போட்டவங்களுக்கு அவசரம், இன்னும் ஆறு மாசம் உட்டிருக்கலாம்."

பெரைரா சொல்லி முடித்ததும் கெல்லி துரை சிரிக்க ஆரம்பித்தார். சமையல்காரனும் வாயைப் பொத்திக்கொண்டான். அது துரைசாணி தன் கையால் பங்களாவில் போட்ட ஒயின். துரை எழுந்து பாவாயி முன்னால் வந்து நின்று, இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டார். அவருக்குக் கும்பிடத் தெரியவில்லை, கை கோணலாக இருந்தது. பாவாயி பதிலுக்குக் கும்பிட்டாள்.

அந்தப் பேச்சு மலைமேலும் பரவியது, மலைக்குக் கீழேயும் பரவியது. மலைமேல் போனது ஒரு விதமாக, கீழே வந்தது வேறு விதமாக. துரைமார்களோடு உட்கார்ந்து சீமைச் சாராயம் குடிக்கிறாள் என்று பரமத்தி வேலூர் வரைக்கும் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணுசாமி பஸ் ஏறி வந்தான். பாவாயி கடையில் இருப்பதாக மதீனா பீவி சொல்ல, நேரே அஸ்தம்பட்டிக்கே வந்துவிட்டான். செருப்பை வெளியே விட்டவன் உள்ளே வரவில்லை.

"வா, போலாம்," என்றான். "துணிமணி எல்லாம் பொறவு எடுத்துக்கலாம்."

"எங்கீங்கண்ணா?"

"ஊருக்கு. சந்தையில நிக்க முடியல அம்மிணி. உன்ற பேரைச் சொல்லிச் சிரிக்கறானுங்க. உன்ற புருசன் குடிச்சே செத்தான், இப்ப நீ…" கோபம் மட்டும் இல்லை, கண் கலங்கியிருந்தது.

பாவாயி அவன் பக்கத்தில் போனாள். "என்ற வாயை மோந்து பாருங்கண்ணா."

கண்ணுசாமி தலையைத் திருப்பிக்கொண்டான்.

"சாராய நாத்தம் உங்களுக்குந் தெரியும், எனக்குந் தெரியும். அவரை நீங்கதான் எத்தன தடவ வரப்புல இருந்து தூக்கிட்டு வந்தீங்க. மோந்து பாருங்க."

அவன் பார்க்கவில்லை, ஆனால் பக்கத்தில் நின்றதே போதுமானதாக இருந்தது. அவனுடைய தோள் கொஞ்சம் தளர்ந்தது. பாவாயி உள்ளே போய் மேஜையிலிருந்த ஒரு கோப்பையை எடுத்துவந்தாள். அடியில் ஒரு விரற்கடை மரநிறத்தில் ஏதோ இருந்தது.

"இதைய மோந்து என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. குடிக்க வேண்டாம், நானுங் குடிக்கறதில்ல."

கண்ணுசாமி வெற்றிலை விவசாயம் மட்டுமல்ல, தங்கச்சி புருஷன் செத்த பிறகு மோகனூர்ப் பக்கத்துக் கரும்பையும் குத்தகைக்கு எடுத்து ஆலை வைத்து வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தான். கோப்பையை வேண்டாவெறுப்பாக வாங்கி, மூக்கருகே ஒரு கணம் வைத்தான். எடுக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தான்.

"பாகு அடி புடிச்சிருக்குது," என்றான்.

"எவ்வளவு புடிச்சிருக்குது?"

"லேசா. ஒரு நாழி முந்தி எறக்கிருக்கோணும்." சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கோப்பையைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான்.

"இதுக்கு மடைரான்னு பேருங்கண்ணா. கடலுக்கு நடுவுல ஒரு தீவு. கப்பல்ல வெயில்ல வெந்து வெந்து இந்த வாசம் வருதாம். அதைய அப்படியேதான் சொன்னீங்க. உங்க மூக்குக்கு இது தெரியுதுன்னா நீங்க குடிகாரருங்களா?"

கண்ணுசாமி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டான்.

"இதுக்குத்தான்."

அன்று அவன் பஸ் ஏறும் முன் அத்தாயிக்குப் பொரியுருண்டை வாங்கிக் கொடுத்தான். சந்தையில் என்ன பதில் சொன்னான் என்று பாவாயிக்குத் தெரியாது. ஆனால் அதன் பிறகு யாரும் வந்து கேட்கவில்லை.

அடுத்த வருஷம், 1937 அக்டோபரில், சேலம் ஜில்லா முழுவதும் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை, ஒயின் கடை எல்லாம் ஒரே நாளில் மூடினார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த சாராயக்கடைக் கதவில் பலகை வைத்து ஆணி அடித்தபோது, தெருப் பெண்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். மதீனா பீவியோடு பாவாயியும் போனாள். ஒருத்தி தேங்காய் உடைத்தாள். ஒவ்வொரு ஆணி இறங்கும்போதும் பாவாயிக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் இது வந்திருந்தால் மூன்று ஏக்கரும் இருந்திருக்கும், அவனும் இருந்திருப்பான். அவள் அழுதாள், மதீனா பீவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கிருந்து நேரே கடைக்குப் போனாள். பெரைரா வைக்கோல் வைத்துப் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பெங்களூருக்குப் போவது என்று முடிவு செய்திருந்தார்.

"நீயும் வா, பாவாயம்மா. அத்தாயியை அங்கே பள்ளியில் சேர்க்கலாம்."

பாவாயி ஒரு பாட்டிலை எடுத்து வைக்கோல் சுற்றினாள். சுற்றி முடித்துவிட்டுச் சொன்னாள்: "அவளுக்கு இங்க வாத்தியாரம்மா புடிச்சுப்போச்சுங்க. எனக்கும் இந்த ஊரு போதுமுங்க."

"உனக்கு வருத்தமா இருக்கா?"

"அந்தக் கடை மூடுனதுல எனக்குச் சந்தோசந்தானுங்க, பொய் சொல்ல மாட்டேன். இந்தப் பொட்டியை மூடறதுதானுங்க கையி வர மாட்டீங்குது. ரெண்டும் உண்மைதான். என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

பெரைரா தலையசைத்தார். இரண்டு பேரும் ஐந்து நாள் அடுக்கினார்கள். கடைசி வண்டி போன அன்று அவர் ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டுக் கொடுத்தார். "கெல்லி துரை மலையிறங்கி வரும்போது அவரிடம் கொடு. தபாலில் போடாதே, கையில் கொடு," என்றார்.

கடிதத்தைப் படித்த துரை, அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார். மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு காப்பிக் கிடங்கு இருந்தது. தோட்டத்திலிருந்து இறங்குகிற கொட்டையைக் காயவைத்துத் தோல் நீக்கி, தரம் பிரித்து மூட்டை கட்டுகிற இடம். தரத்தைக் கண்ணால் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கொட்டை, சின்னக் கொட்டை, உடைசல். நாக்கால் பிரிக்கத் தெரிந்த ஆள் இல்லை.

முதல் நாள் பத்துக் கோப்பையில் காப்பி வைத்தார்கள், பாலும் சர்க்கரையும் இல்லாமல். பாவாயிக்குக் கடுங்காப்பி பழக்கம் இல்லை. முதல் வாய் எடுத்து முகம் சுளித்தாள். கிடங்கு மேஸ்திரி பச்சமுத்து, "இது உங்களுக்கு ஒத்து வராதுங்க," என்றார் இரக்கமாக. பத்து நாள் அவளுக்கு எல்லாம் ஒன்றாகவே கசந்தது. வீட்டுக்குப் போய் அத்தாயியிடம், "என்ற நாக்கு செத்துப்போச்சு கண்ணு," என்றாள்.

பதினோராம் நாள் கசப்புக்குப் பின்னால் ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது. ஒரு கோப்பையில் பலாச்சுளை வாசனை. இன்னொன்றில் நல்லெண்ணெயில் தாளித்த மாதிரி ஏதோ. மூன்றாவதில் அவள் நிமிர்ந்தாள். "மேஸ்திரி, இந்த மூட்டையை வெங்காயம் ஏத்துன வண்டியில கொண்டாந்தாங்களா?"

பச்சமுத்து வண்டிக்காரனைக் கூப்பிட்டு விசாரித்தார். முந்தின நடையில் எருமப்பட்டிக்காரர் ஒருவருக்கு வெங்காயம் ஏற்றியதாக அவன் ஒப்புக்கொண்டான். அன்றிலிருந்து பச்சமுத்து அவளை "அம்மா" என்றே கூப்பிட்டார்.

1941இல் அறுவடை முடிந்த சமயம், துரை பாவாயியைத் தோட்டத்துக்கு வரச் சொன்னார். நாலு வருஷமாக அந்த மலையின் காப்பியை ருசி பார்க்கிறாள், ஒரு நாளும் மலை ஏறியதில்லை. அத்தாயியும் கூட வந்தாள். பதினைந்து வயது, ஆசிரியப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் வளைந்து வளைந்து ஏற, அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவையும் எண்ணினாள்.

தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களின் நிழல். பாவாயி செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நடந்தாள். ஓடைப் பக்கம் கருப்பு மண், ஈரம். மேலே பாறை. கீழ்ச்சரிவில் வெயில் சாய்ந்து விழுகிற இடத்தில் நின்று, ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்தாள். பலா மரங்கள் இரண்டு வரிசையாக நின்றன. அவள் துரையின் மானேஜரைத் திரும்பிப் பார்த்தாள்.

"போன மாசம் பலாச்சுளையாட்டம் மணத்த பதினேழாம் நெம்பர் மூட்டை இங்கிருந்து வந்ததுங்களா?"

மானேஜர் நோட்டைப் புரட்டினார். ஆமாம், அந்தச் சரிவுதான். ஆனால் அதைத் தனியாக வைப்பதில்லை, மற்றவற்றோடு கலந்துவிடுவார்கள் என்றார்.

"கலக்காதீங்க," என்றாள் பாவாயி. "இதையத் தனியா பறிச்சு, தனியாக் காயவெச்சு, தனியா மூட்டை கட்டுங்க. இது மாதிரி இந்த மலையில வேற எடமில்லை."

மானேஜர் தயங்கினார். துரை அவள் சொன்னபடி செய்யச் சொன்னார். அந்த வருஷத்திலிருந்து கீழ்ச்சரிவுக் காப்பி தனி மூட்டையில் இறங்கியது. மூட்டையின்மேல் தோட்டத்தின் பேரும் சரிவின் பேரும் மையால் அச்சடித்திருந்தது. முதல் மூட்டைக்கு அச்சுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அத்தாயி.